கிளைக் கூட்டத்தில் ஒரு தமிழ்ப் பரீட்சை

கொள்கைக்காகக் கட்சியில் சேர்ந்தேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். கொள்கையும்தான். ஆனால் பள்ளிப் படிப்பு முடிந்து ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைக்கும் வரை வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார என்னால் முடியவில்லை என்பதும் உண்மை. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் எழுதத் தெரிந்த பெண் என்றதும் கிளையில் பிடித்துப் போட்டுவிட்டார்கள். கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.

மலாயாவின் சுதந்திரத்துக்கு முந்தைய வருடம் அது. வரப்போகிற நாட்டுக்கு அரசியல் சட்டம் வகுக்க ஒரு குழு வந்திருந்தது. சங்கங்களும் கட்சிகளும் மனு மேல் மனுவாக எழுதிக்கொண்டிருந்தன. நாங்கள் மட்டும் சும்மா இருப்போமா? எங்கள் மனுவின் முதல் கோரிக்கை குடியுரிமை பற்றியது. இந்தியாவில் பிறந்து இங்கே வந்தவர்கள் குடியுரிமை கேட்டால், ஓர் அதிகாரியின் முன்னால் உட்கார்ந்து மலாயில் பேசிக் காட்ட வேண்டும். பேச்சு வராவிட்டால் திரும்பி வர வேண்டியதுதான். தோட்டத்திலும் அடுப்படியிலும் காலம் தள்ளிய பெண்கள் அங்கே போய்த் திணறினார்கள். அந்தப் பரீட்சையை எடுத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தோம்.

நாங்கள் கூடும் கடைமாடி ஒழுகத் தொடங்கியதால், கூட்டம் மலாக்காவின் காஜா பேராங் பகுதியில் இருந்த அக்கா வீட்டு ஹாலுக்கு மாறியது. அக்கா எங்கள் பக்கத்து வீடு. மலாக்கா செட்டி குடும்பம். பல தலைமுறைக்கு முன்னால் தென்னிந்தியாவிலிருந்து வியாபாரத்துக்கு வந்து இங்கேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்டவர்களின் வழி. விபூதியும் பொங்கலும் அவர்களிடம் அப்படியே இருக்கின்றன, பேச்சுதான் மலாய் ஆகிவிட்டது. அக்கா உடுத்துவது மலாய்ப் பெண்களைப் போல இடுப்பில் சாரோங்கும் மேலே கெபாயாச் சட்டையும். உறவுமுறைகள், பூஜைச் சாமான்கள், கடைத்தெருவில் காதில் விழுந்த கொஞ்சம், அவ்வளவுதான் அவருடைய தமிழ். நாங்கள் இருவரும் மலாயில்தான் பேசிக்கொள்வோம். "அக்கா" மட்டும் இரண்டு பக்கமும் அக்காதான்.

கூட்டம் நடக்கும்போது அவர் அடுக்களை வாசலில் முக்காலி போட்டு உட்காருவார். நான் எழுதிக்கொண்டே அவர் காதில் எல்லாவற்றையும் மலாயில் ஓதிக்கொண்டிருப்பேன்.

"அந்த மனுஷன் ஏன் எல்லாத்துக்கும் எழுந்து நிக்கிறாரு? எதிர்க்கட்சியா?" என்று ஒருநாள் கேட்டார்.

"நம்ம செயலாளர்க்கா. உக்காந்தா அவருக்குப் பேச்சு வராது."

மனுவின் கடைசிப் படி தயாரானபோது அக்கா கேட்டார்: "இதுல எங்களப் பத்தி ஒரு வரி இருக்கா?"

இல்லை. அதுவரை யாருக்கும் தோன்றவுமில்லை, எனக்கும்தான்.

"மலாய்க்காரங்க எங்கள இந்தியர்ங்கிறாங்க. இந்தியர் கூட்டம் போட்டா எங்களுக்குப் பேச வாய் இல்ல. சட்டம் எழுதறப்போ இப்படி ஒரு ஜனம் இங்க இருக்குன்னு யாராச்சும் எழுதிக் குடுக்க வேணாமா?"

தீர்மானம் கொண்டுவர உறுப்பினராக இருக்க வேண்டும் என்றேன். "அப்ப என்னச் சேத்துடு" என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

அடுத்த கூட்டத்தில் முதலில் மனுவை வாசித்தேன். பரீட்சை வேண்டாம் என்ற கோரிக்கைக்கு ஹாலில் இருந்த அத்தனை கைகளும் உயர்ந்தன. சூட்டோடு சூடாக அக்காவை உறுப்பினராக முன்மொழிந்தேன்.

செயலாளர் எழுந்தார். "தங்கச்சி, அவங்க மேல எனக்கு மரியாத உண்டு. அவங்க வீட்டுலதான் உக்காந்திருக்கோம். ஆனா நம்ம கூட்டம் தமிழ்ல நடக்குது. ஒண்ணும் புரியாம எப்படிம்மா கை தூக்குவாங்க?"

"நான் சொல்லிடறேன், அண்ணே."

"நீ பயிற்சிக்குப் போயிட்டா?"

அவர் கேட்டதும் நியாயம்தான்.

சண்டையென்றால் ஆகாத தலைவர் நடுவில் வந்தார். "சும்மா ரெண்டு கேள்வி கேப்போம்லா. ஏதோ கொஞ்சம் தெரிஞ்சா போதும். இது என்ன பெரிய பரீட்சையா?"

"முதல்ல அந்தக் குவே தட்ட இப்படித் தள்ளுங்கப்பா. கேட்டதுக்கு அப்புறம் பலகாரம் கிடைக்குமோ என்னமோ" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். விவரம் புரியாமல் அக்காவும் சிரித்தார்.

நாற்காலி போட்டு அவரை நடுவில் உட்கார வைத்தார்கள். எதிரே செயலாளர்.

"உங்களுக்கு எத்தன பிள்ளைங்க?"

"மூணு."

"பாத்தியா, தெரியுது" என்றார் தலைவர்.

"கட்சியில ஏன் சேரணும்னு நெனக்கிறீங்க?"

அக்காவுக்குப் பிடிபடவில்லை. செயலாளர் ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, கொஞ்சம் சத்தமாகத் திருப்பிச் சொன்னார். அக்கா என்னைப் பார்த்தார். நான் வாயெடுப்பதற்குள் தலைவர் உதட்டில் விரல் வைத்துவிட்டார்.

"நான்... எங்க ஆளு..." என்று தொடங்கி நின்றுவிட்டார். மலாயில் கேட்டிருந்தால் அந்த ஹாலையே வாயடைக்க வைத்திருப்பார். இப்போது மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. சாரோங்கின் மடிப்பைக் கை இறுக்கிப் பிடித்திருந்தது.

"சொல்லுங்க, சொல்லுங்க, பயப்படாதீங்க" என்றார் செயலாளர். நல்ல மனிதர், அக்காவை எப்படியாவது தேற வைக்கத்தான் பார்த்தார். சொன்னவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உட்கார்ந்தார். உட்கார்ந்துகொண்டே பேசினார்.

"போன வாரம் எங்க வீட்டுல அதிகாரிகிட்டப் போனா. நான் ஜன்னல் வழியா பாத்துக்கிட்டு நின்னேன். அந்த ஆளும் தன்மையானவருதான். பயப்படாதீங்கன்னுதான் அவரும் சொன்னாரு. இவளுக்கு ஒரு வார்த்த வரல. முந்தானைய இப்படித்தான் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. வெளிய வந்து, என்ன மட்டும் கப்பல் ஏத்தி அனுப்பிடுவாங்களான்னு கேட்டா."

அவர் மனைவி தேறாமல் வந்தது எங்களில் யாருக்கும் தெரியாது. தட்டைத் தள்ளச் சொன்னவர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்பதான அது வேணாம்னு எல்லாரும் கை தூக்கினோம்? என் கையும்தான இருந்துச்சு? தலைவரே, இவங்களச் சேக்க நான் ஆமோதிக்கிறேன். தங்கச்சி இல்லாதப்போ மலாயில நானே சொல்லிடறேன். என் மலாய் சந்தை மலாய்தான், சகிச்சுக்கச் சொல்லும்மா."

அவ்வளவையும் அக்காவுக்குச் சொன்னேன். "அவர் வீட்டம்மாவ நாளைக்கு என்கிட்ட வரச் சொல்லு. படிக்க இல்ல, சும்மா பேசிக்கிட்டிருக்க" என்றார் அக்கா. அதைத் தமிழில் செயலாளரிடம் சொன்னேன்.

கைகள் உயர்ந்து உறுப்பினரானதும், அக்கா தன் தீர்மானத்தை மலாயில் சொன்னார். பல தலைமுறையாக இங்கே வாழும் செட்டி மக்களையும் சட்டம் நினைவில் கொள்ள வேண்டும் என்று நான் தமிழில் எழுதினேன். "நினைவில்னா யாருக்கு என்ன தெரியும்? பெயர் சொல்லிக் குறிப்பிடணும்னு போடு" என்று திருத்தினார் செயலாளர்.

சுதந்திரம் வந்தது, சட்டமும் அச்சாகி வந்தது. பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டேன், அந்த வரி அதில் இல்லை. அக்காவிடம் சொன்னபோது, அடுத்த மனு எப்போது என்று கேட்டார். கேட்காமல் என்ன செய்வார், முதல் தீர்மானத்தன்றே ருசி கண்டுவிட்டாரே. அன்று தலைவர் வாக்குக் கேட்டதும் எல்லாக் கைகளும் உயர, அவர் மட்டும் தூக்காமல் என் பக்கம் சாய்ந்தார்.

"நான் கொண்டுவந்ததுக்கு நானே தூக்கலாமா?"

"தூக்கலாம்க்கா."

வளையல்கள் முழங்கை வரை சரியத் தூக்கினார். தலைவர் எண்ணி முடித்துக் குறிப்பில் ஏற்றச் சொன்ன பிறகும் அந்தக் கை இறங்கவில்லை.