வளையல்கடைச் சாயிபுவும் என் ரெண்டு கார்புரேட்டரும்

இன்று காலை கோட்டாறு கடைத்தெருவில் என் வலதுகை காருக்குள் மாட்டிக்கொண்டது.

தோட்டத்துத் துரை சீமைக்குப் போகும்போது எனக்கு விற்றுவிட்டுப் போன ரெண்டு சீட்டு கார். சாயங்காலம் மச்சினனுக்கு மாப்பிள்ளை ஊர்வலம் அதில்தான். அதுவோ வழியெல்லாம் இருமியது.

எஞ்சினுக்குப் பெட்ரோலும் காற்றும் கலந்து கொடுக்க அதற்கு ரெண்டு கார்புரேட்டர். ரெண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ரப்பர் குழாயைக் காதில் வைத்து, இரைச்சல் ஒன்றாகும்வரை திருகைத் திருப்ப வேண்டும். பின்னால் இருக்கும் கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டுக்கும் நடுவே பூனைக்குட்டிகூடப் போகாது.

என் கை போயிற்று. இரைச்சலும் ஒன்றாயிற்று. கைதான் திரும்பி வரவில்லை.

மச்சினன் எஞ்சினை நிறுத்தினான். கூட்டம் கூடிவிட்டது.

"கார்புரேட்டரக் கழத்தும் வே!" என்றார் ஒருவர்.

"கைய வேணும்னா கழத்தும். அதத் தொடப்பிடாது!" என்று கத்தினேன்.

எதிர்க்கடை வளையல் சாயிபு எண்ணெயோடு வந்தார். மறுபக்கமாகக் கையை விட்டு, என் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிப் பிசைந்துகொண்டே, "வீட்ல எத்தன பிள்ளைய வே?" என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், கை வெளியே வந்துவிட்டது.

அவர் கையை விடவில்லை. "நான் பிடிச்ச கை வெறுங்கையாப் போனதில்ல வே" என்று ரெண்டு பச்சை வளையலை ஏற்றிவிட்டார்.

இப்போது கழற்ற வரவில்லை. கல்யாண வீட்டில் கண்ணாடி வளையலை உடைக்கக் கூடாது என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

ஊர்வலத்தில் கார் ஒரு தடவைகூட இருமவில்லை. கலகலவென்று சத்தம் போட்டது வண்டி ஓட்டின என் கைதான்.

உடைக்காமல் கழற்ற வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கார்புரேட்டரைக் கழற்றச் சொன்னவர் மட்டும் வாயைத் திறக்கப்பிடாது.