பாளையங்கால்வாய்ப் படத்தில் இல்லாத கல்

மேலப்பாளையத்தில் எங்கள் பழைய வீட்டின் பின்னால் ஓடும் பாளையங்கால்வாயை ஒருவர் மையால் வரைந்து இணையத்தில் போட்டிருந்தார். ஊர் ஊராகப் போய் வரையும் சேலத்து ஓவியர். விடியற்காலைப் பனிமூட்டம், மங்கலான பின்வாசல்கள், தண்ணீரில் உடையும் கறுப்பு நிழல்கள், எல்லாம் சரி. படித்துறை ஓரத்துத் துவைகல்லை மட்டும் காணோம். என் கணவர் கடைசிவரை தம் சட்டைகளைத் தாமே துவைத்த கல் அது. வேறு யார் துவைத்தாலும் காலர் அழுக்குப் போகாது என்பார். அவர் இல்லாத இந்த மதுரை வீட்டில் மாட்ட அந்தப் படம் வேண்டும்; கல்லோடு வேண்டும். போனில் கேட்டபோது ஓவியர் சனிக்கிழமை ஊரைவிட்டுக் கிளம்புவதாகச் சொன்னதால், போன நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை புறப்பட்டேன்.

மதுரையில் காலை ஆறு மணிப் பேருந்து. சுமார் 160 கிலோமீட்டர். ஒன்பதரைக்கு நெல்லை புதிய பேருந்து நிலையம். அங்கிருந்து ஆட்டோவுக்கு நூறு ரூபாய்.

"ஆச்சி, ரோட்டத் தோண்டிப் போட்டிருக்கு. பைய போறேன், கம்பியப் பிடிச்சிக்கிடுங்க."

என்னை ஆச்சி என்று அழைக்க வேண்டாம் என்று ஆட்டோக்காரரிடம் சொன்னேன். "சரி ஆச்சி" என்றார்.

ஓவியர் கால்வாய்க்கரையில் காத்திருந்தார். கல் கிடந்த இடத்தில் இப்போது சிமெண்டுச் சுவர். எப்படியாவது கல்லைச் சேர்த்துத் தரும்படி கேட்டேன்.

"இல்லாததை நான் வரையறதில்லம்மா."

கோபம் வந்தது. ஆனால் படத்தில் பொய் இருந்தால் முதலில் குறை சொல்பவள் நான்தான்.

பக்கத்து வீட்டு நூர்ஜஹான் என் குரலைக் கேட்டு வெளியே வந்தாள். "கல்லயா தேடுதிய? செவரு கட்டயில ஒடைக்கப் பாத்தானுவ. சண்ட போட்டு எங்க பொறவாசல்ல போட்டுட்டேன். ஒங்க வீட்டு சாரு தொவைச்ச கல்லுல்லா?"

கல் அங்கே, அவள் வீட்டுப் பின்வாசல் குழாயடியில் ஈரமாகக் கிடந்தது. அதன்மேல் அவள் பேரனின் பள்ளிச் சட்டை, பாதி சோப்போடு.

"எடுத்துட்டுப் போறியளா?" என்றாள், மெதுவாக.

"நீ துவை" என்றேன்.

பின்னாலேயே வந்த ஓவியர் கல்லுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். தேங்காய்ச் சிரட்டையில் கொண்டுவந்த கால்வாய்த் தண்ணீரில் மையைக் கரைத்தார். கல்லையும் சட்டையையும் நூர்ஜஹானின் கைகளையும் வரைந்தார். கால்வாய்ப் படத்தை அவரிடமே விட்டுவிட்டு இதை வாங்கிக்கொண்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: கால்வாயில் எப்போதும் தண்ணீர் விடுவதில்லை, விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். படம் வாங்கினால் சுருட்டாமல் இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவாருங்கள். மை காயும்வரை அவசரப்படுத்தாதீர்கள். எனக்கு அதற்கு ஒரு மணி நேரம் ஆனது. நூர்ஜஹான் தேநீர் போடப் போயிருந்தாள். நான் ஈரக் கல்லில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.