பாறைக்காட்டுக்குப் போன பிக்கப்

வேலாத்தாளின் பிக்கப் வண்டியைச் சிரிக்காமல் பார்த்தவர்கள் திருப்பூர் ராயபுரத்தில் குறைவு. ராணுவ ஏலத்தில் கழித்துக் கட்டிய வண்டி அது. முன்னால் பார்த்தால் ஜீப்பு, பின்னால் பார்த்தால் மாடு அவிழ்த்துவிட்ட பார வண்டி. அதை வாங்கியவள் ஒரு பெண், அதுவும் ஸ்டீயரிங்கைத் தொட்டே பார்க்காதவள் என்பது டீக்கடைகளுக்கு ஒரு மாதத் தீனியாக இருந்தது.

1967ஆம் வருஷம். வேலாத்தாளுக்கு முப்பத்தாறு வயது. கணவன் போன பிறகு கொழுந்தனார்கள் பங்கு பிரித்தார்கள். கிணறும் தோட்டமும் அவர்கள் பக்கம் போயின. இவளுக்கு வந்தது ஊருக்கு வெளியே இரண்டு மைல் தள்ளி இருந்த பாறைக்காடு. எள்ளுகூட முளைக்காத இடம். கொஞ்ச நாள் அதை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள் துவைத்த சேலையை அந்தப் பாறையில் விரித்துப் போட்டாள். வெற்றிலையை மென்று முடிப்பதற்குள் சேலை காய்ந்துவிட்டது. ஒரு பொட்டு மண்கூட ஒட்டவில்லை.

பனியன் துணியைச் சலவை செய்தால் அந்தக் காலத்தில் வெயிலில்தான் காயப்போட வேண்டும். சலவைப்பட்டறைகள் நொய்யல் ஆற்றங்கரையில் இருந்தன. துணியையும் கரையோரக் காடுகளிலேயே விரித்தார்கள். அங்கே இடத்துக்கு அடிதடி. ஆடு மிதிக்கும், காற்றடித்தால் புழுதி அப்பும். வேலாத்தாள் நேராகப் பட்டறை முதலாளி சென்னியப்பனிடம் போய், தன் பாறையில் காயப்போட்டுத் தருவதாகச் சொன்னாள். அவர் மோவாயைச் சொறிந்தார். தீபாவளி வரை பார்க்கலாம், துணி வெள்ளையாகத் திரும்பி வந்தால் வருஷம் பூராவும் வேலை அவளுக்கே, வராவிட்டால் அத்தோடு சரி என்றார்.

மாட்டுவண்டியில் போனால் பாறையைச் சேர்வதற்குள் பாதி வெயில் போய்விடும். அதனால்தான் பிக்கப். ஓட்டுவதற்கு அவளுடைய தம்பி அங்கமுத்து இருந்தான். லாரியில் கிளீனராகச் சுற்றிவிட்டு வந்தவன். வாய் கொஞ்சம் நீளம், கை சுத்தம்.

முதல் நாளே தடம் காலை வாரியது. பாறைக்காட்டுக்குப் போகும் வழி தார் ரோடு அல்ல. தலைமுறை தலைமுறையாக மாட்டுவண்டிகள் ஓடி, சக்கரத்து இரும்புப் பட்டா அறுத்துப்போட்ட செம்மண் தடம். இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம், நடுவில் மேடு. மாட்டுவண்டியின் அகலம் பிக்கப்புக்கு இல்லை. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மறு சக்கரம் மேட்டில் ஏறி நின்றது. வண்டி குடித்தவனைப் போலச் சாய்ந்துகொண்டே போனது. எதிரே வந்த வண்டிக்காரர்கள் மாட்டை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர், தடத்தை அகலப்படுத்துவதைவிட அம்மிணிக்கு வண்டியை அகலப்படுத்துவது சுலபம் என்று கேலி செய்தார்.

வேலாத்தாளுக்கு அது கேலியாகப் படவில்லை. வண்டியை நல்லானின் பட்டறைக்கு ஓட்டிப் போகச் சொன்னாள். நல்லான் லாரிகளுக்குப் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டை கட்டுகிறவர், வெல்டிங்கும் தெரியும். சேலைத் தலைப்பில் அளந்து முடிச்சுப் போட்டுவந்த தடத்தின் அகலத்தை அவர்முன் விரித்துக் காட்டினாள். அவர் நான்கு சக்கரங்களின் நடுத்தட்டையும் வெட்டி, திருப்பி வைத்துப் பற்றவைத்தார். சக்கரங்கள் பக்கத்துக்கு நாலு விரல்கடை வெளியே வந்து நின்றன. பழைய ஒல்லி டயர்களைக் கழற்றிவிட்டு, ஏலக் கடையில் பொறுக்கிய அகலமான, முரட்டுப் பல் வைத்த டயர்களை மாட்டினார்கள். பிக்கப் இப்போது கால் அகட்டி நிற்கும் பயில்வானைப் போல இருந்தது. தடத்தில் சாயாமல் ஓடியது.

அடுத்த தவறு திருப்பூர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடியது. அந்த ஊரில் துணி என்றால் காய்ந்த எடைதான். வாங்குவது, விற்பது, கூலி பேசுவது எல்லாம் அதில்தான். இத்தனை மூட்டைக்கு இத்தனை எடை என்று வேலாத்தாளும் அதையே சொன்னாள், நல்லானும் அதற்கே பட்டை கட்டினார். ஆனால் சலவைப்பட்டறையிலிருந்து பாறைக்குப் போவது தண்ணீர் சொட்டும் துணி. பாதி வழியில் பட்டைகள் படுத்துக்கொண்டன. மட்கார்டு டயரில் உரசி, கருகிய ரப்பர் வாடை துணி வரைக்கும் ஏறியது.

வேலாத்தாளுக்குக் கோபம் வந்தது. பட்டையை நன்றாகத் தடியாகப் போடச் சொன்னாள். நல்லான் லாரிப் பட்டைகளை வெட்டித் தடியாகவே போட்டார். ஈர மூட்டைகளோடு வண்டி தேர் மாதிரி போனது. திரும்பும்போது காய்ந்த துணி, பாரமே இல்லை. வண்டி ஒவ்வொரு மேட்டிலும் துள்ளியது. தடத்தின் குறுக்கே ஓடும் மணல் பள்ளத்தைத் தாண்டிய மேட்டில் மூன்று மூட்டைகள் எகிறிப் போய்ச் செம்மண் சேற்றில் விழுந்தன.

சென்னியப்பன் சத்தம் போடவில்லை. சிவந்துபோன துணியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். "இன்னொருக்கா ஒரு மூட்டை மண்ணைத் தொட்டாலும் வண்டி இந்தப் பக்கம் வரக்கூடாது அம்மிணி."

மறுநாள் அவள் காலி வண்டியின் பின்பக்கம் ஏறி நின்றுகொண்டு, தம்பியைத் தடத்தில் ஓட்டச் சொன்னாள். முறத்தில் போட்டுப் புடைத்த மாதிரி இருந்தது. பிறகு பாறையில் துணி விரிக்கும் பத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு அதே தடத்தில் போனாள். தொட்டில் மாதிரி இருந்தது. இறங்கியதும் நேரே நல்லானிடம் போனாள்.

"ஏனுங்கண்ணா, ஒரு பட்டை எப்பவும் வேலை செய்யோணும். இன்னொண்ணு சும்மா மேல இருந்துட்டு, பாரம் ஏறுனா மட்டும் வந்து தாங்கோணும். அப்படி முடியுங்களா?"

"முடியாம என்ன? லாரிக்கெல்லாம் அப்படித்தானே போடறது."

வேலாத்தாள் அவரையே பார்த்தாள். "பின்னே ஏனுங்க இத்தனை நாளாச் சொல்லுல?"

"நீ எங்க அம்மிணி கேட்டே? தடியாப் போடுன்னே, போட்டேன்."

அங்கமுத்து சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான். நல்லான் மெல்லிய பட்டைகளைக் கீழே கட்டி, இரண்டு தடித்த பட்டைகளை ஒரு விரல் இடைவெளி விட்டு அவற்றின்மேல் பொருத்தினார். பாரம் ஏறினால்தான் இரண்டும் ஒன்றையொன்று தொடும். வண்டியும் ஒரு சாண் உயர்ந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்தது. நொய்யல் கரை ஏறி, கரையோரக் காடுகளெல்லாம் சேறாகின. தீபாவளிக்குப் போக வேண்டிய துணி முழுவதும் சென்னியப்பனின் பட்டறையில் ஈரமாகக் குவிந்து கிடந்தது. இன்னும் கிடந்தால் மஞ்சள் தட்டிவிடும். ஒரு காலையில் வானம் வெளுத்து வெயில் அடித்தது. மாட்டுவண்டிக்காரர்கள் தடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, மாடு கால் ஒடிந்துவிடும் என்று திரும்பிவிட்டார்கள்.

யாரும் கூப்பிடாமலே வேலாத்தாளின் பிக்கப் பட்டறை வாசலில் வந்து நின்றது. சென்னியப்பன் ஒரு கணம் யோசித்தார். மூட்டைகளை ஏற்றச் சொல்லிவிட்டுத் தானும் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். துணி விழுந்தால் தன் கண்ணெதிரே விழட்டும் என்றார். வேலாத்தாள் பின்னால் மூட்டைகளின்மேல் உட்கார்ந்தாள்.

மணல் பள்ளத்தில் தண்ணீர் அச்சு வரை ஓடியது. அங்கமுத்து இறங்கி நான்கு டயரிலும் கொஞ்சம் காற்றை இறக்கினான். சென்னியப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். அகன்ற டயர்கள் மணலில் புதையாமல் தட்டையாகப் படர்ந்து ஏறின. சேறு நிரம்பிய தடத்தில் வண்டி நடுங்கியது, சாயவில்லை. பாறையில் பெண்கள் காத்திருந்தார்கள். அரை மணியில் பாறை முழுக்க வெள்ளையாகிவிட்டது. உச்சி சாய்வதற்குள் துணி மொடமொடவென்று காய்ந்தது.

திரும்பும்போதுதான் வேலாத்தாள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மேல் பட்டைகள் விலகிக்கொண்டன. மெல்லியவை மட்டும் வேலை செய்தன. மூட்டைகள் விழுந்த அதே மேடு வந்தது. வண்டி ஏறியது, இறங்கியது. அவளுடைய முழங்கைக்கு அடியில் இருந்த மூட்டை அசையக்கூட இல்லை.

பட்டறையில் சென்னியப்பன் ஒரு மூட்டையையும் விடாமல் அவிழ்த்துப் பார்த்தார். மடிப்புகளுக்குள் விரலை விட்டு, விரலை வேட்டியில் தேய்த்துப் பார்த்தார். வேட்டியில் ஒன்றும் ஒட்டவில்லை. அதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த வண்டிக்காரர்களில் இரண்டு பேர் குனிந்து பிக்கப்பின் அடியில் எட்டிப் பார்த்தார்கள். அது நல்லான் கைவேலையா என்று ஒருவர் அங்கமுத்துவிடம் விசாரித்தார். இல்லீங்க, அக்கா சொன்ன வேலை என்றான் அவன்.

சென்னியப்பன் நிமிர்ந்தார். "வருஷம் பூராவும் நீயே எடுத்துக்க அம்மிணி. கரையோரக் காட்டுக்கு இனி நான் துணி அனுப்பப் போறதில்லை."

"சரிங்கண்ணா."

அவள் அதற்குள் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டறைத் தொட்டிகளில் இன்னும் பாதித் துணி ஈரமாகக் கிடந்தது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தம்பியைக் கூப்பிட்டாள்.

"இன்னும் வெயில் இருக்குது கண்ணு. வண்டியத் திருப்பு."