தட்டில் விழுந்த சில்லறை

போன கிழமை என் மகன் வவுனியாவிலிருந்து ஒரு சின்னப் பெட்டியோடு வந்தான். வங்கியில் வேலை கிடைத்து ஆறு மாதம்தான். கதையெல்லாம் மனேஜர் மாதிரி. பெட்டிக்குள் ஒரு நினைவு நாணயம். வெள்ளைக்காரன் இந்த நாட்டை ஆண்டபோது முதன்முதலாக அரசாங்கப் பணமென்று அடித்த காசின் ஞாபகமாக வெளியிட்டதாம். பழைய காசில் இருந்த யானை இதிலும் நிற்கிறது. ஆசையாகக் கையை நீட்டினேன்.

"ஐயோ அம்மா, தொடாதேங்கோ! கை பட்டால் மதிப்புப் போயிடும்."

பிளாஸ்டிக் மூடியோடு மூக்கில் வைத்துப் பார்த்தேன். ஒரு மணமும் இல்லை. காசென்றால் மணக்க வேண்டாமா? என் அப்பாவின் காசு வெற்றிலையும் சுண்ணாம்புமாக மணக்கும். மடியில் முடிந்து வைத்திருப்பார். மலையகத் தோட்டத்திலிருந்து புளியங்குளத்துக்கு வந்து, கூலி வேலை செய்து எங்களை வளர்த்த மனிதர். நானோ வட்டக்கச்சியில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய வயல்காரர் வீட்டுப் பையனை விரும்பிக் கட்டினேன். கணவரின் தகப்பன், என் மாமா, கலியாணத்துக்கு வரவில்லை. அப்பாவோடு ஒரு வார்த்தை பேசியதுமில்லை. அதை நினைத்து நான் அழாத நாள் குறைவு.

தொடாதே என்கிறானே, இவன் எட்டு மாதப் பிள்ளையாக இருந்தபோது காசை என்ன செய்தான் தெரியுமா உங்களுக்கு?

இவனுக்குப் பல் முளைத்தது நாட்டில் சண்டை ஓய்ந்திருந்த காலம். பல்லுக்கொழுக்கட்டை அவித்துப் பிள்ளையின் தலையில் கொட்ட வேண்டுமென்று கணவர் இரண்டு பக்கத்தையும் அழைத்துவிட்டார். பேரன் ஆசை யாரை விட்டது? மாமா வந்து கதிரை நுனியில் இருந்தார். நான் அவித்த கொழுக்கட்டை கல்லுத்தான். "மெல்லக் கொட்டு, பிள்ளையின்ர மண்டை உடைஞ்சிடும்" என்றார் கணவர் என் காதுக்குள். நல்லவேளை, தலைக்கு மேல் துணி பிடிப்பது வழக்கம்.

பிறகு பிள்ளைக்கு முன்னால் ஒரு தட்டில் புத்தகம், பேனை, நெல்லு, சங்கிலி எல்லாம் வைத்தோம். எதை எடுக்கிறானோ அந்த வழியில் போவானாம். மாமா பேனையை மெதுவாகப் பிள்ளைக்குக் கிட்டத் தள்ளி வைத்தார். எங்கள் பக்கத்தில் இந்த வழக்கமே கிடையாது. தட்டைக் கண்ட அப்பா, மொய்த் தட்டென்று நினைத்துவிட்டார். மடியை அவிழ்த்து, இருந்த சில்லறை முழுவதையும் கலகலவென்று கொட்டினார். பிள்ளை பேனையை விட்டெறிந்துவிட்டுக் காசை அள்ளினான். ஒன்று வாய்க்குள்ளும் போய்விட்டது. நான் விரலை விட்டுத் தோண்டி எடுத்தேன்.

எல்லாரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவின் முகம் செத்துப்போயிற்று.

"தெரியாமப் போட்டுட்டேங்க... மன்னிச்சிக்கங்க."

எனக்கு உயிரே போய்விட்டது. மாமா கதிரையில் நன்றாகச் சாய்ந்து, வயிறு குலுங்கச் சிரித்தார்.

"விடுங்கோ சம்பந்தி! நான் பேனையைத் தள்ளினன், நீங்கள் காசைக் கொட்டினீங்கள். ரெண்டு பேரும் கள்ளர்தான்!"

சம்பந்தி! அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு வருடம் காத்திருந்தவள் நான். குசினிக்குள் ஓடி, அடுப்புக்குப் பக்கத்தில் நின்று ஆசைதீர அழுதேன்.

அன்று பின்னேரம் அப்பாவைப் பஸ் ஏற்ற மாமாவே சைக்கிளில் கூட்டிக்கொண்டு போனார். நெடுநேரமாக ஆளைக் காணவில்லை. கணவர் தேடிப் போனால், இரண்டு பேரும் சந்தி மதகில் இருந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். "அடுத்த பஸ்ஸில ஏத்திவிடுறன், நீ போ" என்றாராம் மாமா. பிறகு அப்பா வந்துபோன நாளெல்லாம் அப்படித்தான்.

இப்போது அந்தச் சந்தியில் பஸ்ஸுக்குக் குறைவில்லை. வருகிற பஸ்ஸையெல்லாம் விட்டுவிட்டுக் கதைத்துக்கொண்டிருந்த அந்த இரண்டு பேரும்தான் இல்லை.