மில் எஞ்சின் படகேறிய கதை

மிளகாய் அரைத்து அரைத்து என் மூக்கு செத்துவிட்டது. காது மட்டும் சாகவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஸ்ரீரங்கத்தில் எங்கள் மாவு மில்லை நான்தான் ஓட்டினேன். ஆயில் எஞ்சின் லேசாக இருமினாலும் அடுப்படியிலிருந்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன்.

அந்த எஞ்சினைத்தான் என் வீட்டுக்காரர் ஒருநாள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கழற்றிக்கொண்டுபோய்ப் படகில் வைத்துவிட்டார். கொள்ளிடத்துக்கு அக்கரையில் எங்களுக்கு வாழைத் தோட்டம். ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் தார்களைப் பாய்மரப் படகில் ஏற்றி வருவார். எதிர்க்காற்று அடித்தால் தார் அங்கேயே பழுத்துவிடும். அதற்காக என் மில்லையா மூடுவது? இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் அவரே இறங்கி வந்தார். "பத்து நாள் பாக்குறேன். படகு சரியா ஓடலேன்னா எஞ்சினைக் கொண்டாந்து மாட்டிடறேன். போதுமா?"

படகு சரியாக ஓடவில்லை. நாகப்பட்டினத்தில் பழைய சாமான் கடையில் வாங்கிய, தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் பித்தளை விசிறியை எஞ்சினோடு பூட்டியிருந்தார். அதன் இறக்கைகள் நன்றாகத் திருகியிருந்தன. ஒவ்வொரு சுற்றுக்கும் அவ்வளவு தண்ணீரைத் தள்ளும், படகு பறக்கும் என்பது அவர் நினைப்பு. எஞ்சினோ முக்கி முனகிக் கரும்புகை கக்கியது. எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். ஒன்பதாம் நாள், வேடிக்கை பார்க்கவென்றே படகில் ஏறினேன்.

நடு ஆற்றில் அது திணறியதைக் கேட்டதும் கொண்டாட்டமெல்லாம் போய்விட்டது. மில்லில் தானியத் தொட்டியின் வாயை முழுக்கத் திறந்துவிட்டால் இப்படித்தான் முனகும். கொஞ்சம் மூடினால் போதும், சரியாகிவிடும். இன்னும் ஒரே ஒரு நாள் நான் பேசாமல் இருந்தால் எஞ்சின் வீட்டுக்கு வந்துவிடும். பாழாய்ப்போன வாய் கேட்கவில்லை.

"என்னங்க, எஞ்சின் மேல தப்பில்லைங்க. அதால முடியாத சுமையை விசிறி இழுக்குது. இறக்கையைக் கொஞ்சம் படுக்க வைங்க."

மறுநாள் காலை பட்டறையில் இறக்கைகளைக் காய்ச்சித் தட்டினார்கள். அளவுக்கு மேல் படுத்துவிட்டன. எஞ்சின், தானியம் போடாத வெறுங்கல் சுற்றுவதுபோல ஓடியது; படகு அசைவேனா என்றது.

"பாத்தியா, உன் பேச்சைக் கேட்டேன் பாரு!"

"கத்தாதீங்க. தட்டினதுல பாதி நிமித்தச் சொல்லுங்க."

சாயங்காலம் மறுபடி ஆற்றில் இறக்கினோம். புகை இல்லை. எதிர்க்காற்றில் படகு அலுங்காமல் போனது. எஞ்சினில், மில்லில் கோதுமை அரைக்கிறபோது வரும் அதே சீரான சத்தம்.

அவர் சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார். "இனிமே இதைக் கழட்ட யாருக்கு மனசு வரும்?"

"எனக்கு வரும்" என்றேன் வீம்பாக. வரவில்லை, அழுகைதான் வந்தது. முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது மில் வாசலில் அரிசித் தூக்கோடு ஒரு பெண் நின்றிருந்தாள்.

"எஞ்சின் எப்பங்க வரும்?"

"வராதும்மா" என்றேன். "அங்க நல்லா ஓடுது."