வெள்ளி நூலின் நுனி

நான் எட்டாவதோடு நின்று, சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கராகச் சேர்ந்தேன். என் தங்கை படித்துக்கொண்டே போனாள். இப்போது ஓர் ஆய்வுக்கூடத்தில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சட்டை செய்கிறாள். நெஞ்சுப் பக்கம் வெள்ளி பூசிய நூலை எட்டு வளைவாகத் தைத்திருப்பாள். குழந்தை மூச்சுவிட்டால் நூல் இழுபடும். ஒரு சின்னப் பெட்டி அதை எண்ணும். மூச்சு நின்றால் பதினைந்து நொடிக்குள் மணி அடிக்க வேண்டும். அடித்தால்தான் சட்டை ஆஸ்பத்திரி வார்டுக்குள் போகும்.

சோதனை நாள் காலையில் சட்டையை என்னிடம் நீட்டினாள். "தையல் சரியா இருக்கான்னு மட்டும் பாருண்ணே."

அவள் குளித்துவிட்டு வருவதற்குள் பார்த்து முடித்தேன். ஓரத்தில் இரண்டு நூல்கள் தொங்கின. பத்தொன்பது வருடமாகப் பிசிறு வெட்டும் கை. ஒட்ட வெட்டினேன்.

ஈரத் தலையோடு வந்தவள் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நுனி எங்கண்ணே?"

"எந்த நுனி?"

"பெட்டியில மாட்டுற நுனி."

"பிசிறுன்னு நெனச்சேன்மா."

"உன்னை விட்டா என் சடையையும் பிசிறுன்னு வெட்டிடுவ." சிரிக்காமல்தான் சொன்னாள். வெள்ளி நூல் தீர்ந்துவிட்டதாம். அடுத்த நூல்கண்டு வர ஒரு மாதம் ஆகுமாம்.

"ரெண்டு பக்கமும் ஒவ்வொரு வளைவைப் பிரிச்சா, விரல் நீளம் நூல் கிடைக்கும்" என்றேன்.

"மீதி ஆறு வளைவு போதுமான்னு தெரியலையே."

ஊசி முனையால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன். நூல் அறுந்துவிடக் கூடாது என்று மூச்சை அடக்கிக்கொண்டேன்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு பொம்மை, நெஞ்சுக்குள் காற்றுப்பை. அதற்குத் தங்கை சட்டையைப் போட்டுப் பெட்டியை மாட்டினாள். ஆஸ்பத்திரியிலிருந்து சோதிக்க வந்த அம்மா காற்றை நிறுத்தினார். கதவருகே நின்று எண்ணினேன். ஒன்பது. பத்து. தங்கை பொம்மையைப் பார்க்கவில்லை, சட்டை ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டில் மணி அடித்தது. மறுமுறை பதினான்கு.

அந்த அம்மா சட்டையைக் கழற்றிப் புரட்டினார். "இங்க ஏன் ஊசி ஓட்டையா இருக்கு?"

ஏதாவது சொல்லிச் சமாளித்துவிட மாட்டாளா என்று இருந்தது எனக்கு.

"காலையில நுனி ரெண்டும் வெட்டுப்பட்டுடுச்சு மேடம். பிரிச்சு மாட்டினோம்."

"யார் வெட்டினது?"

"எங்கண்ணன். சட்டைக் கம்பெனியில செக்கர்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாளைக்கு இது ஆயிரக்கணக்குல தைக்கப் போனா, அங்க இருக்கிற செக்கரும் இதைத்தானே வெட்டுவார்? நுனி வெளியே தெரியாம தச்சுக் கொண்டுவாம்மா."

அப்படியென்றால் புது நூல் வர இன்னும் ஒரு மாதம். அதுவரை வார்டில் நர்சுகளின் கண்தான் காவல். ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பஸ்ஸில் அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குத் துணிவில்லை.

அவளோ நோட்டைத் திறந்து என் மடியில் வைத்தாள். "எங்க மறைக்கலாம், நீயே சொல்லுண்ணே."

வாய் திறக்கவே பயமாக இருந்தது. என் சட்டையின் பக்கத் தையலை உட்புறமாகப் புரட்டி, இரட்டை மடிப்பைக் காட்டினேன். "இதுக்குள்ள எவனும் கத்தரி விடமாட்டான்."

அவள் அளவு கேட்டாள். "முக்கால் இஞ்ச்" என்றேன். பிறகு ஸ்கேலை வாங்கி இன்னொரு முறை அளந்து பார்த்தேன்.