கல்லு தெரியல

மதுரைக்கு மேக்க, ஓடைக்கரையில ரெண்டு தோட்டம். மேல உள்ளது மாப்ளயோடது. என் சித்தப்பா மகளக் கட்டினவன். வாழை போட்டிருந்தான். கீழ உள்ளது என்னது. மல்லிகை.

ஓடைத் தண்ணிக்கு ஒரு முறை உண்டு. அவன் மோட்டார் பக்கத்துல ஓடைக்குள்ள ஒரு கல்லு ஊனியிருக்கும். அது தலை தெரிஞ்சா மேல மோட்டார் போடக் கூடாது. மிச்சத் தண்ணி கீழத் தோட்டத்துக்கு. மாப்ள அத மீறினதே இல்ல.

ஒரு கோடையில ஓடை வத்துச்சு. கல்லு முங்கித்தான் இருந்துச்சு, ஆனா குழாய் எட்டல. அவன் ஓடைக்குள்ளயே கல்லு ஓரமா குழி வெட்டிக் குழாய இறக்கினான். அதுக்கப்புறம் என் பக்கம் வெறும் மணல்.

செடி வாடுச்சு. வீட்டுக்காரி ஏசினா. மேல மோட்டார் ஓடுதுல்ல, போய்க் கேக்க வேண்டியதுதான, வாயில என்ன கொழுக்கட்டையான்னா. போனேன். குழி நெறையத் தண்ணி நின்னுச்சு. கல்லு தெரியல. முங்கித்தான கெடக்குன்னான் மாப்ள. அதுக்கு மேல என்ன கேக்க. திரும்பிட்டேன்.

பெறகும் போய்ப் பாத்தேன். தெரியல. நம்ம மண்ணுதான் குடிக்குதுன்னு நெனச்சேன். மொட்டு கருகுச்சு. பெறகு செடி. வெட்டி அடுப்புல வச்சோம். எரியிறப்ப பூ வாடை வருமோன்னு இருந்துச்சு. வரல.

ஒரு நா குழாய்ச் சல்லடையில பாசி அடைச்சிருச்சுன்னு மாப்ள குழியில எறங்கியிருக்கான். கால்ல தட்டியிருக்கு. இடுப்பு வரைக்கும் ஈரத்தோட என் வீட்டு வாசல்ல வந்து நின்னான்.

"கல்லு சரிஞ்சு குழிக்குள்ள கெடக்கு மச்சான். அதான் தெரியல."

குழி வெட்டினதுல அடி மணல் அரிச்சிருக்கு. கல்லு உள்ள போயிருச்சு. அது மேல நின்ன தண்ணியத்தான் நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு இருந்திருக்கோம்.

அன்னைக்கே குழிய மூடினான். தண்ணி கீழ வந்துச்சு. குடிக்கத்தான் செடி இல்ல. வெட்டின செடியோட தூரச் சுத்தி நின்னுட்டு, மணல்ல எறங்கிருச்சு.

மழை பேஞ்சு ஓடை நெறஞ்ச பெறகும் அவன் மோட்டார் போடல. வாழை எல மடங்குச்சு. போய்ச் சொன்னேன். இம்புட்டுத் தண்ணி போறப்ப எடுக்கிறதுல தப்பு இல்லன்னேன்.

"சுவிட்சத் தொட்டா ஒங்க செடிதான் கண்ணுல நிக்குது மச்சான்."

நானே போய்ப் போட்டேன்.

இப்பவும் நாந்தான் போடுறேன். கீழ ஓட்டம் மெலிஞ்சா நாந்தான் நிறுத்துறேன். தண்ணி ஏறுற சத்தம் கேட்டா, வரப்புல உக்காந்திருக்கிற மாப்ள எந்திரிச்சுப் போயிருவான்.